பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்த கட்டடம்

1942 ஏப்ரல் 11, சனிக்கிழமை, காலை பத்து மணி ஐம்பத்து மூன்று நிமிடம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கடல்காற்று இன்னும் கிளம்பவில்லை. சட்டைக் காலருக்குள் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ராயபுரத்தில் நான் குடியிருந்த கட்டடத்தின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். "உள்ளே ஆள் பூஜ்யம்" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், அந்தக் காகிதத்தில் நேரமும் எழுத வேண்டும். என் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடும். அதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தைத் தெருவில் 'ஸ்டோர்' என்பார்கள். ஒரே கூரையின் கீழ் பல குடித்தனங்கள் வாடகைக்கு இருந்தால் பட்டணத்தில் அதற்கு அதுதான் பெயர். கீழே நான்கு போர்ஷன், முதல் மாடியில் நான்கு, இரண்டாம் மாடியில் நான்கு. முற்றத்தில் ஒரே ஒரு குழாய். மொட்டைமாடிக்குப் போக ஐம்பத்து நான்கு படி. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதற்கு எண்ணும் கிடையாது, வாடகையும் கிடையாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி, அந்த இரைச்சலில் ஒரு காதை முழுசாகவும் மற்றொன்றை முக்கால்வாசியும் இழந்த கிறிஸ்தவப் பெரியவர் ஒருவர் அதில் தனியாக இருந்தார். வீட்டுக்காரருடைய தகப்பனாருக்கு வேண்டியவர் என்பதால் இலவசம்.

நான் முதல் மாடியில் இரண்டாவது போர்ஷன். வயது இருபத்தாறு, கலியாணம் ஆகவில்லை. கப்பல் ஏஜெண்டு ஒருவரின் ஆபீசில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. சம்பளம் நாற்பத்தைந்து ரூபாய். எண்ணுவது எனக்கு வேலையும் வியாதியுமாக இருந்தது. இன்றைக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்தால் மாத்திரையை விழுங்குவதற்குமுன் மிச்சத்தை எண்ணிவிட்டுத்தான் விழுங்குகிறேன்.

ஜப்பான்காரன் சண்டைக்கு வந்தபோது ஒவ்வொரு கட்டடத்துக்கும் விமானக் குண்டுவீச்சுக் காவலுக்கு ஒரு வார்டன் வேண்டும் என்றார்கள். எங்கள் முற்றத்தில் கூடிய கூட்டத்தில் "எழுதவும் எண்ணவும் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கழுத்தில் மாட்ட ஒரு விசிலும், கையில் கட்ட ஒரு பட்டையும் கிடைத்தன. இரும்புத் தொப்பி எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் வந்தது. பக்கத்துக் கட்டடத்து வார்டனும் நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ள வேண்டும். தொப்பி அவரிடம் இருக்கும் நாளில் குண்டு விழுந்தால் என் தலை என் பொறுப்பு.

வேலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். ஏழு மணல் வாளி வைத்தேன். இரண்டைப் பூனைகள் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போனவர்கள் பூசை முடிந்து திரும்பிய பிறகு, முற்றத்தில் ஒரு பிரசங்கமும் செய்தேன். வின்ச்சுக்காரப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கால்வாசிக் காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அதனால் மொத்தப் பிரசங்கத்தையும் கத்த வேண்டியதாயிற்று. "அபாயச் சங்கு ஊதினால் கட்டில்மேல் படுக்காதீர்கள், தரையோடு தரையாகப் படுங்கள்!" என்று கத்தினேன். இது எனக்குக் கொடுத்த காகிதத்தில் இருந்தது. "கடைசி ஆள் வெளியே போகும்வரை இந்தக் கட்டடத்தை விட்டு வார்டன் போகமாட்டான்!" என்றும் கத்தினேன். இது காகிதத்தில் இல்லை. இரண்டாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் சொன்னது.

தினமும் காலையில் கட்டடத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதி, வார்டன் போஸ்ட் என்ற காவல் சாவடியில் கொடுக்க வேண்டும். கட்டடம் இடிந்தால் எத்தனை பேரைத் தேடித் தோண்டுவது என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம். பன்னிரண்டு கதவையும் தட்டிக் கேட்பது என்றால் பாதிப் பேர் கடன்காரன் வந்துவிட்டான் என்று கதவைத் திறப்பதில்லை. அதனால் நான் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தேன். விடியற்காலையில் குழாயடியில் ஒவ்வொரு குடித்தனமும் இடம் பிடிக்க ஒரு குடம் வைக்கும். எந்தக் குடம் எந்த வீட்டுடையது என்பது எனக்கு மனப்பாடம். முதல் மாடியில் நின்றபடி குடங்களைப் பார்த்தால் போதும். குடம் இருந்தால் குடித்தனம் இருக்கிறது. அந்தந்த வீட்டுத் தலைகளைக் கூட்டி எழுதிவிடுவேன். ஊரை விட்டுப் போகிறவர்கள் எதை விட்டுப் போனாலும் குடத்தை விட்டுப் போகமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இன்றைக்கும் சரிதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. கீழே படிக்கட்டை ஒட்டிய போர்ஷனில், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அம்மாள் தனியாகக் குடியிருந்தாள். அவள் மட்டும் எப்போதும் இரண்டு குடம் வைப்பாள்.

"ஏம்மா, ஒரு போர்ஷனுக்கு ஒரு குடம்தானே? நீ ஒண்டி ஆள். ரெண்டு குடம் எதுக்கு?"

"ஒண்டி ஆளுன்னா தாகம் எடுக்காதா? போ நைனா, போயி உன் மண்ணு பக்கெட்ட எண்ணு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா."

"உன் சட்டத்துல என் மீன கய்வுறதுக்கு தண்ணி கீதா, இல்லியா?"

நான் விடவில்லை. என் நோட்டில் "படிக்கட்டுப் போர்ஷன், இரண்டு குடம்" என்று நாற்பத்து மூன்று நாள் குறித்திருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. போகக்கூடியவர்கள் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. கட்டடம் ஐந்தே நாளில் காலியானது. ரங்கூனிலிருந்து ஓடிவந்து இரண்டாம் மாடியில் தங்கியிருந்த குடும்பம்தான் முதலில் போனது. அவர்களுக்கு ஓடிப் பழக்கம். இருபது நிமிடத்தில் மூட்டை கட்டினார்கள். மற்றவர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அம்மிக்கல்லைக்கூட ஏற்றினார்கள். ஒன்பது குடித்தனக்காரர்கள் தங்கள் சாவிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழே இருந்த தோல்மண்டிச் சாயபு மட்டும் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியையும் இடுப்பில் முடிந்துகொண்டு, என்னைப் பார்த்து மரியாதையாகச் சலாம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

புதன்கிழமை மொட்டைமாடியிலிருந்து வின்ச்சுக்காரரின் கட்டிலைக் கயிறு கட்டி இறக்கிக் கைவண்டியில் ஏற்றுவதைப் பார்த்தேன். கட்டில் போனால் ஆளும் போனதாகத்தானே அர்த்தம்? அவர் பெயரை அடித்தேன். வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் அந்த அம்மாளுடைய இரண்டு குடம் மட்டும் இருந்தன. சனிக்கிழமை காலை ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை. படிக்கட்டின் அடியில் நின்று மூன்று தடவை விசில் ஊதினேன். "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. அந்த ஐம்பத்து நான்கு படிகளையும் பலமுறை எண்ணியாயிற்று. இன்னொரு தடவை எண்ணுவானேன் என்று தோன்றியது.

இதில் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். காலிக் கட்டடத்துக்கு வார்டன் தேவையில்லை. என் ஆபீசை மூடிவிட்டார்கள். அரக்கோணத்தில் என் அத்தை இருந்தாள். அந்தப் பூஜ்யத்தை நான் நான்கு நாளாக ஆசையோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டன் போஸ்டில் இருந்தவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "பூஜ்யம்னா பூஜ்யம்தானே சார்? இனிமே உங்க கட்டடத்து மேல என்ன விழுந்தாலும் ஒருத்தரும் வந்து தோண்டமாட்டாங்க."

"நானே எண்ணினது," என்றேன்.

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் பிளாட்பாரமே தெரியவில்லை, மூட்டைகள்தான் தெரிந்தன. வந்து நின்ற ரயிலின் ஜன்னல் வழியாக என் தகரப் பெட்டியை உள்ளே தள்ளி, பின்னால் நானும் நுழைந்தேன். பெட்டியை எதிர்ப்பக்கத்து மேல்பலகையில் ஏற்றினேன். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் பதினொரு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ரயில் கிளம்புகிற வழியாக இல்லை. இரண்டு மணி ஆகும்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

"தண்ணி, தண்ணி! டம்ளரு காலணா!"

இடுப்பில் குடமும் கையில் அலுமினிய டம்ளருமாக எங்கள் கட்டடத்து மீன்கார அம்மாள் என் ஜன்னலுக்கு நேரே நின்றாள்.

"இன்னா வார்டன் நைனா! நீயும் ஓட்றியா?"

"நீ ஊருக்குப் போகலையா?"

"எனக்கு ஏது ஊரு? காசிமேட்ல தங்கச்சி குடிசைல கீறேன். மூணு மாடி தலமேல வுயுறதுக்கு கீத்து வுயுந்தா தட்டி வுட்டுகினு எந்திரிக்கலாம். சரி, வூடெல்லாம் யாரு பாத்துக்குறது?"

"கட்டடம் காலி. கதவைப் பூட்டியாச்சு. பூஜ்யம்னு எழுதியும் கொடுத்தாச்சு."

டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கெழவரு?"

"எந்தக் கிழவர்?"

"மேல தகரக் கொட்டாய்ல கீறாரே, வின்ச்சுக்காரரு."

"அவர் புதன்கிழமையே போயிட்டாரே. கட்டிலை இறக்கினதை நானே பார்த்தேன்."

"கட்டில வித்துட்டாரு நைனா! குண்டு போட்டா தரைல படுன்னு நீதானே அன்னிக்கு அந்தக் கத்து கத்தினே? இனிமே கட்டில் இன்னாத்துக்குன்னு மூணு ரூபாய்க்கு தள்ளிவுட்டாரு. நாளிக்கு பெரம்பூர்லேந்து அவரு அக்கா புள்ள வந்து இட்டுகினு போவான். அதுவரிக்கும் ஆவட்டும்னு நேத்து சாய்ங்காலம் ரெண்டு கொடம் தண்ணி மேல ஏத்தி ஊத்தி வெச்சிட்டு வந்தேன்."

"ரெண்டு குடம்," என்றேன்.

"ஆமா, ரெண்டு கொடம். தெனம் எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. அந்தக் காலை வெச்சிகினு அவரு ஐம்பது படி எறங்கி தண்ணி புடிப்பாரா? ஏன் ரெண்டு ஏன் ரெண்டுன்னு ரெண்டு மாசமா கேட்டியே, யாருக்குன்னு நென்ச்சே? என் கூடைல கீற மீனு குடிக்கும்னா?"

நாளைக்கு வருகிற அக்கா மகன் இரும்புக் கதவில் பூட்டைப் பார்ப்பான். மாமன் வேறு யாரோடோ போய்விட்டார் என்று திரும்பிவிடுவான். கிழவர் மேலேயிருந்து கத்தினாலும் காலியான தெருவில் கேட்க ஆள் இல்லை. இரண்டு குடம் தண்ணீர் எத்தனை நாள் வரும்? குண்டு விழுந்தாலோ, அந்தக் கட்டடத்தைத் தோண்ட வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் ரயிலிலிருந்து குதித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. நான் டிக்கெட்டை நினைத்தேன். பெட்டியை நினைத்தேன். வார்டன் போஸ்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அதற்குள் எஞ்சின் ஊதியது. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்குள் கையை விட்டு என் கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"எறங்கு!"

கழுத்து வெளியே போனது. மற்ற உறுப்புகளுக்கு வேறு வழி இல்லாததால் பின்னாலேயே போயின. பிளாட்பாரத்தில் கிடந்தபடி ரயில் நகர்வதைப் பார்த்தேன். மூன்றாவது கோச் கடந்தபோதுதான் அது உறைத்தது.

"சாவி," என்றேன்.

"சாவி எங்க?"

"பெட்டியிலே. ஒன்பது வீட்டுச் சாவி, தெருக்கதவுச் சாவி, என் அறைச் சாவி எல்லாம்."

"பெட்டி?"

ரயிலைக் காட்டினேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எண்ணத் தெரிஞ்ச ஆளுன்னு உன்ன வார்டன் ஆக்னாங்களாமே," என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அதை விட்டுவரச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூலக்கொத்தளத்தில் ஒரே ஒரு இரும்புப் பட்டறைதான் திறந்திருந்தது. பட்டறைக்கார பாய் சாவகாசமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கேயும் போகலையா பாய்?"

"பட்டறைக்கு பின்னால இன்னா கீது பாத்தியா மாமு? சுடுகாடு. எங்க ஓடினாலும் கடைசீல இட்டாந்து வெக்கிற எடம் இதான. வண்டிக் கூலியாவது மிச்சம்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சும்மா வந்து பூட்டு ஒடைக்க முடியாது. ஊரே காலியா கீது, போலீசு புடிச்சா பேஜாரு. உங்க வார்டன் கைல ஒரு சீட்டு எய்தி வாங்கியா."

"நான்தான் வார்டன்."

"அப்ப நீயே எய்து."

எழுதினேன். அவருக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதனால் நடுத்தெருவில் நின்று நானே உரக்கப் படித்துக் காட்டினேன்: இன்ன கட்டடத்தை இன்று காலை பூட்டிய வார்டனாகிய நான், அதே பூட்டை இன்று மாலை உடைக்க அனுமதி அளிக்கிறேன்.

பாய் சீட்டை மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். "பூட்னவனும் நீ, ஒடைக்க சொல்றவனும் நீ. நல்லா கீது மாமு. ரெண்டு ரூபா ஆவும்."

வீட்டுக்காரரிடமிருந்த மூன்று பூட்டில் கனமானதைப் பொறுக்கி எடுத்துப் போட்டவன் நான். அது முப்பத்தொரு அடி தாங்கியது. உடைந்தபோது மணி நாலு நாற்பது. நான் பூட்டி ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

மொட்டைமாடிவரை ஏறத் தேவையிருக்கவில்லை. பெரியவர் முதல் மாடியிலேயே இருந்தார். என் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் பலாக்கொட்டை நிறத்தில் இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. காலையில் கீழே இறங்கி வந்தவர் இரும்புக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, என்னிடம் சாவி கேட்க வந்திருக்கிறார். தட்டிப் பார்த்துவிட்டு மேலே போகத் திரும்பியபோது படியில் கால் மடங்கிவிட்டது. தண்ணீர் மொட்டைமாடியில், அவர் இங்கே.

மீன்கார அம்மாள் குடத்தைச் சாய்த்தாள். அவர் நாலு டம்ளர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டியா தம்பி? நீ உள்ள தூங்கறேன்னு நெனச்சேன். தட்டிகினே கெடந்தேன். எனக்குத்தான் காது போச்சு, இவனுக்குமா போச்சுன்னு கூட நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பயமெல்லாம் இல்ல. கடைசி ஆளு போறவரைக்கும் போகமாட்டேன்னு நீதான் அன்னிக்கு சொல்லிட்டியே. நான் இங்க கீறேன், அப்ப நீயும் இங்கதான இருக்கணும்?"

என் கதவு உள்பூட்டு வைத்தது. வெளியே பூட்டுத் தெரியாது. அந்தக் காலிக் கட்டடத்தில், காலி அறையின் கதவைத் தட்டிக்கொண்டு, நான் உள்ளே இருக்கிற தைரியத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"கொஞ்சம் வெளியே போயிருந்தேன் ஐயா," என்றேன், கால்வாசிக் காதுக்குக் கேட்கும்படி.

மீன்கார அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆமா பெருசு, தண்ணி வாங்க வந்தாரு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "நாலு டம்ளரு. ஓரணா எடு."

அன்று மாலையே வார்டன் போஸ்டுக்குப் போய்ப் பூஜ்யத்தை அடித்து 'இரண்டு' என்று எழுதினேன். மறுநாள் அதையும் அடித்து 'மூன்று' என்று எழுத வேண்டியதாயிற்று. குடிசையில் மூட்டைப்பூச்சி என்று அவள் தன் போர்ஷனுக்கே திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா மகன் மாமனின் காலைப் பார்த்தான். மூன்று வாரம் ஆளை அசைக்கக்கூடாது என்று கட்டுக் கட்டியவர் சொன்னதைக் கேட்டான். "நீங்கதான் இருக்கீங்களே சார், அப்புறம் என்ன," என்று நிம்மதியாகப் போய்விட்டான். ஜப்பான்காரன் வரவில்லை. நான் அரக்கோணம் போகவும் இல்லை. பெரியவர் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, ஊரே ஓடியபோது ஓடாத பிள்ளை என்று சொன்னார். அவர் இருந்த ஆறு வருஷமும் அதை நான் மறுக்கவில்லை. வெட்கம்தான்; ஆனால் கேட்கச் சுகமாகவும் இருந்தது.

மற்றவர்கள் ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒவ்வொருவரும் நேரே என் கதவுக்கு வந்து சாவி கேட்டார்கள். பெட்டி ரயிலில் தொலைந்துவிட்டது என்றேன். எட்டுக் குடித்தனம் பேசாமல் நம்பியது. கைப்பிடியில் சாய்ந்து பிரசங்கம் கேட்ட பெண் மட்டும், "ஓடாத வார்டனோட பெட்டி ரயில்ல எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். பிறகு அவளையே கலியாணம் செய்துகொண்டேன். அவள்தான் இருபது வருஷமாக எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், இப்போதும் கேட்கிறாள்.

அந்தப் பூஜ்யத்துக்கு ஆன செலவு: போகாத ஊருக்கு டிக்கெட் ஒரு ரூபாய் மூன்றணா. தெருக்கதவை உடைத்த கூலி இரண்டு, வீட்டுக்காரருக்குப் புதுப் பூட்டு நாலரை. என் கதவின் உள்பூட்டு இரண்டரை. ஒன்பது வீட்டுப் பூட்டை உடைக்கத் தலைக்கு நாலணா வீதம் இரண்டே கால், புதுப் பூட்டு ஒன்றேகால் வீதம் பதினொன்றே கால். கணுக்காலுக்குக் கட்டுக் கட்டியவருக்கு ஐந்து, அவரை அழைத்துவந்த ஜட்காவுக்குப் பன்னிரண்டணா. தண்ணீர் ஓரணா. தகரப் பெட்டியையும் அதிலிருந்த வேட்டி சட்டையையும் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் இருபத்தொன்பது ரூபாய் எட்டணா.